பழைய பியானோவும் கீபோட்டும் ஒண்டா வாசிக்கப் போறம், சுருதி சேருதில்ல, எதை மாத்துற?

புளியந்தீவு_கொயர்:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனுக்குள்ள எங்கட கோயில் மண்டபத்தில ஒரு பழைய அப்ரைட் பியானோ கிடக்கு. ஒரு குடும்பம் வெளிநாடு போகக்க குடுத்துட்டுப் போனது, இங்கிலாந்தில செய்த சாமான், மூடிக்கு உள்பக்கம் எழுதியிருந்த பேர் அழிஞ்சு போச்சு. கன வருசமா ஒருத்தரும் டியூன் பண்ணல்ல, பிள்ளையள் வந்து தட்டிட்டுப் போறதோட சரி. இந்த வருசம் நத்தார் கரோலுக்கு அதைத்தான் வாசிக்கிற எண்டு முடிவெடுத்திருக்கம். தங்கச்சி பியானோ, நான் கீபோட், யமஹா பிஎஸ்ஆர் ஒண்டு. அவ மெயினா வாசிக்க நான் பின்னால ஸ்ட்ரிங்ஸும் ஓர்கனும் பிடிக்கிற எண்டு பிளான்.

போன ஞாயிறு முதல் தரமா ரெண்டையும் சேத்து வாசிச்சம். தனித்தனியாக் கேட்டா பெரிசா ஒரு குறையும் தெரியல்ல, பியானோ கொஞ்சம் பழைய சத்தம், அவ்வளவுதான், ஆனா ரெண்டும் ஒரே நோட்டைப் பிடிச்ச உடனே சத்தம் நடுங்குது, ஓர்கன் போட்டுப் பிடிச்சா இன்னும் மோசம், அல்டோ பாடுற அக்கா ஒராள் எதைப் பிடிச்சுப் பாடுற எண்டு தெரியாம நிப்பாட்டிட்டா. போனில ஒரு டியூனர் அப் போட்டு அளந்து பாத்தன். நடு ஏ, அதாவது ஏ4, 431.2 ஹெர்ட்ஸ் காட்டுது, இப்ப எல்லாரும் வைக்கிற 440க்கு 35 சென்ட் குறைவாம் (அரைச் சுரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு சென்ட்). கீழ பாஸ் பக்கம் 20 சென்ட் கிட்டத்தான் குறைவு, மேல போகப் போக 50, 60 எண்டு இறங்கிட்டே போகுது. ஒரு கட்டையை அமத்தினா அதுக்குள்ளயே ரெண்டு மூண்டு சத்தம் கேக்கிற இடங்களும் இருக்கு.

இப்ப கேள்வி என்னண்டா, பியானோவை 440க்கு ஏத்துறதா இல்லாட்டி வேற வழி இருக்கா? கொயரில ஒரு மாமா கராஜ் வைச்சிருக்கார், அந்தச் சதுரத் தலை ஆணியளுக்குச் சின்ன ஸ்பானர் ஒண்டு போதும் நானே முறுக்கித் தாறன் எண்டு நிக்கிறார், எனக்குப் பயமாக் கிடக்கு. இஞ்ச பியானோ டியூன் பண்ற ஆள் ஒருத்தரும் எனக்குத் தெரியாது, கொழும்பில இருந்துதான் கூப்பிடோணும். மழையும் தொடங்கிட்டு, கரோலுக்கு இன்னும் ஏழு கிழமைதான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனை_கீஸ்:

தம்பி முதல் வேலையா கீபோட்டை இறக்குங்க, பியானோவில கை வைக்கிறது மறுகா பாப்பம். பிஎஸ்ஆரில ஃபங்ஷன் அமத்திப் போனா டியூனிங் எண்டு ஒண்டு வரும், 427ல இருந்து 453 வரைக்கும் 0.2 ஹெர்ட்ஸ் 0.2 ஹெர்ட்ஸா மாத்தலாம், உங்கட 431.2 அதுக்குள்ள வடிவா வருது. ட்ரான்ஸ்போஸை அமத்திப் பாத்துட்டு சரிவரல்ல எண்டு நினைக்காதீங்க, அது அரைச் சுரம் அரைச் சுரமா, 100 சென்ட் 100 சென்ட்டாத்தான் ஏறி இறங்கும், உங்களுக்குத் தேவை 35 சென்ட். ரெண்டும் வேற வேற பட்டன்.

இன்னொண்டு, சில மொடல் ஓஃப் பண்ணிப் போட்டா திரும்ப 440ல வந்து நிக்கும். கரோல் நேரம் கரண்ட் போய் வந்தா கீபோட் 440, பியானோ 431, சனம் முழுக்க இருக்கும். நான் ஒருக்கா கலியாண வீட்டில இப்பிடி அம்பிட்டனான், சுருதி இறக்கி வைச்சு வாசிச்சுக் கொண்டு இருக்கக்க கரண்ட் போய் வந்து அடுத்த பாட்டு முழுக்க நாதஸ்வரக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தார், அண்டைக்குப் பொறகு நம்பரை எழுதி கீபோட்டில ஒட்டித்தான் வைக்கிற.

காரைதீவு_வயலின்:

மகன், நான் காரைதீவு. பள்ளிக்கூடத்தில சங்கீதம் படிப்பிச்சு ஓய்வு பெற்ற ஆள், வயலின் வாசிப்பன், பியானோ எனக்குப் பழக்கமில்ல. ஆனா கேள்வியைப் பாத்த உடனே ஒரு யோசனை வந்தது. எங்கட ஊரில பிறந்த விபுலாநந்த அடிகள் பழைய யாழ் நரம்புகள் எப்பிடி நிண்டிருக்கும் எண்டு கணக்குப் போட்டு யாழ் நூலில எழுதினவர், 1947ல வந்தது. அதில அடிப்படை குரலும் இளியும், இப்ப நாங்கள் ச எண்டும் ப எண்டும் சொல்றது. தம்புராவும் அப்பிடித்தான் சேக்கிறம், வயலினும் அப்பிடித்தான். அதே மாதிரி பியானோவில ஒரு ச வை வைச்சிட்டு அதுக்குப் ப, அந்தப் ப வை ச வாக்கி அடுத்த ப எண்டு காதாலயே சேத்துக்கொண்டு போனா பன்னிரண்டு சுரமும் வந்திருமே, அப்ப மிஷினும் தேவையில்ல, கொழும்பு ஆளும் தேவையில்ல. பிழையெண்டா தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, படிக்கத்தான் கேக்கிறன்.

கொயரில ஆர்மோனியம் இருக்கா? கீர்த்தனைகளுக்கு அதைத்தானே வாசிப்பீங்க, அப்ப அது எந்தச் சுருதியில நிக்குது எண்டும் பாக்கோணும்.

கல்லடி_டியூனர்:

நான் கல்லடி, இப்ப வெள்ளவத்தையில இருக்கன். இருபது வருசத்துக்குக் கிட்ட பியானோ டியூன் பண்றதுதான் தொழில். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிங்க.

முதல் அந்த ஸ்பானர். தம்பி, அந்த மாமாட்ட மரியாதையாச் சொல்லி அதை அங்காலயே வைக்கச் சொல்லுங்க. அந்த ஆணியளை பின் எண்டு சொல்றது, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால இருக்கிற பலகைக்குள்ள இறுகி நிக்கிறதாலதான் கம்பி நிக்குது, வேற பூட்டு ஒண்டும் இல்ல. ஸ்பானர் போட்டா பின்னின்ட மூலை தேயும், பின் பக்கவாட்டில வளையும், ஓட்டை பெருக்கும், அதுக்குப் பொறகு நானென்ன, வேற ஆர் வந்து டியூன் பண்ணினாலும் அண்டைக்குப் பின்னேரமே இறங்கி நிக்கும். இதுக்கெண்டு நட்சத்திர வாய் வைச்ச லீவர் இருக்கு. கட்டை எண்ணி 88 இருந்தாலும் உள்ள கம்பி 220, 230 கிட்ட இருக்கும், ஏனெண்டா நடுவில இருந்து மேல ஒரு நோட்டுக்கு மூண்டு கம்பி, பாஸில ரெண்டு, அடியில ஒண்டு. ஒரு கட்டைக்குள்ள ரெண்டு மூண்டு சத்தம் கேக்குது எண்டு எழுதினீங்களே, அதுதான் இது, மூண்டு கம்பியும் மூண்டு இடத்தில நிக்குது.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன், 440க்கு ஏத்துறதா? ஒரு கம்பி 70, 75 கிலோ இழுவையில நிக்கும், எல்லாம் சேந்தா 16, 18 தொன். சுருதி 35 சென்ட் ஏறோணும் எண்டா இழுவை 4 சதவீதம் கூடோணும், அதாவது அந்தப் பழைய சட்டத்திலயும் பலகையிலயும் புதுசா முக்கால் தொன்னுக்குக் கிட்ட ஏத்திறீங்க. நல்ல நிலையில இருக்கிற பியானோ தாங்கும், அதுக்காகச் செய்ததுதானே, ஆனா ஒரு தரத்தில நிக்காது. ஒரு பக்கத்தை ஏத்திக்கொண்டு போக கம்பிக்குப் பின்னால இருக்கிற சவுண்ட்போட் பலகை அமுங்கும், ஏற்கெனவே ஏத்தின பக்கம் திரும்ப இறங்கும். அதால நாங்கள் ஏத்தக்க தேவையான அளவுக்கு மேல கால்வாசி கூட இழுத்து விடுற, 35 ஏத்தோணும் எண்டா 43, 44 ஏத்தினாத்தான் அது இறங்கி வந்து சரியா நிக்கும். அப்பிடி ஒரு தரம் முரட்டுத்தனமா ஏத்தி, மறுகா ஒரு தரம் டியூன் பண்ணி, ஒரு மாசத்தில இன்னொருக்காப் பண்ணினாத்தான் நம்பலாம். ஏழு கிழமையில கரோலை வைச்சுக்கொண்டு, அதுவும் வாவிக்கரை உப்புக்காத்தில இத்தனை வருசம் நிண்ட கம்பியில, நானெண்டா செய்யமாட்டன். ஒரு கம்பி அறுந்து அதுக்குப் பதில் புதுக்கம்பி போட்டா அது நிலைக்க இன்னும் நாள் எடுக்கும்.

கல்முனைத் தம்பி சொன்னது சரி, கீபோட்டைத்தான் இறக்கோணும். ஆனா அதை மட்டும் செய்தா நடு ஏ மட்டும் சேரும், மத்தது சேராது. கேள்வி கேட்ட தம்பியே எழுதியிருக்கார் பாருங்க, கீழ 20, நடுவில 35, மேல 60. பியானோ தனக்குள்ளயே சேரல்ல. கீபோட் எல்லா நோட்டையும் ஒரே அளவாத்தான் இறக்கும், பியானோ அப்பிடி இறங்கியிருக்கல்ல. அதால முதல் பியானோவை அது நிக்கிற உயரத்திலயே தனக்குள்ள சேக்கோணும், பெரிய இழுவை ஒண்டும் இல்லாம. 432 எண்டு வைங்க, 440க்கு 32 சென்ட் கீழ, நடுப்பகுதி ஒரு மூண்டு சென்ட்தான் ஏறும், பாஸ் கொஞ்சம் இறங்கும், மேல்பக்கம் மட்டும் 25 சென்ட்டுக்குக் கிட்ட ஏத்தவேண்டி வரும். அந்த மேல்கம்பியள் நீளம் குறைவு, அறுந்தா அங்கதான் அறும், அதால ஏத்த முதல் ஒரு சொட்டு இறக்கி துருப்பிடிப்பை விடுவிச்சிட்டுத்தான் ஏத்தோணும். அதுக்குப் பொறகு கீபோட்டை 432க்கு வைச்சா ரெண்டும் நிக்கும்.

காரைதீவு சேர், நீங்க கேட்டது சின்னக் கேள்வியில்ல, இந்தத் தொழிலின்ட நடுவே அதுதான். ச-ப வை நூத்துக்கு நூறு சுத்தமா 3:2 வா வைச்சு பன்னிரண்டு தரம் போனா நாங்கள் தொடங்கின ச வுக்குத் திரும்பி வரோணும், ஆனா வராது, ஏழு ஒக்டேவுக்கு (ச வில இருந்து மேல் ச வரைக்கும் ஒரு ஒக்டேவ்) மேல 23 சென்ட்டுக்குச் சொட்டுக் கூட வந்து நிக்கும். வயலினில நாலு கம்பிதான், விரல் மிச்சத்தைப் பாத்துக்கொள்ளும், தம்புராவில வேற சுரமே இல்ல, அதால அங்க அது பிரச்சினையில்ல. கட்டை வைச்ச வாத்தியத்தில அந்த 23 சென்ட்டை எங்கயாவது ஒளிக்கத்தான் வேணும். இப்ப எல்லாரும் செய்றது, ஒவ்வொரு ப வையும் 2 சென்ட் குறைச்சு பன்னிரண்டுக்கும் சமமாப் பிரிச்சு விடுறது. கீபோட் பெட்டியில இருந்து வரக்கயே அப்பிடித்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி சுத்தமா சேத்தா பியானோ தனியா சில பாட்டுக்கு அருமையா இருக்கும், ஆனா கீபோட்டோட சேராது. காதால சேக்கிறது இண்டைக்கும் செய்றம், ஆனா சுத்தமான ப வைக் கேட்டுப் பிடிச்சிட்டு அதில இருந்து ஒரு சின்ன அலை வாற அளவுக்கு இறக்கி விடுறம். அந்த அலையை எண்ணப் பழகத்தான் எனக்கு ரெண்டு வருசம் போனது.

தம்பி கேட்ட நடுக்கமும் அதே அலைதான். 440ம் 431.2ம் ஒண்டா ஒலிச்சா செக்கனுக்கு ஒம்பது தரத்துக்குக் கிட்ட சத்தம் ஏறி இறங்கும், ஒரு ஒக்டேவ் மேல அது ரெட்டிப்பு. வித்தியாசம் அரை ஹெர்ட்ஸுக்குள்ள வந்திட்டா, ரெண்டு செக்கனுக்கு ஒரு அலை, அது காதுக்கு உறுத்தாது.

இன்னொரு விசயம். பியானோக் கம்பி தடிச்ச உருக்கு, அதால ஒரு சுரத்துக்குள்ளயே சேந்து ஒலிக்கிற அதின்ட மேல் ஒலிகள் கணக்குக்கு வரோணும் எண்ட இடத்தை விடக் கொஞ்சம் கூட நிக்கும், உயரம் குறைஞ்ச அப்ரைட்டில அது இன்னும் கூட. அதால பியானோவை டியூன் பண்ணக்க மேல்பக்கத்தைச் சொட்டுக் கூடவும் அடிப்பக்கத்தைச் சொட்டுக் குறையவும் இழுத்துத்தான் வைக்கிற, இல்லாட்டி மேல மந்தமாக் கேக்கும். கீபோட்டில ஓர்கன் சத்தத்துக்கு இந்த இழுவை கிடையாது. அதால நடு மூண்டு ஒக்டேவ் வடிவாச் சேந்தாலும் உச்சியில ரெண்டும் சண்டை பிடிக்கும். கீபோட்டோட வாசிக்கிற பியானோவுக்கு நான் அந்த இழுவையைக் குறைச்சுத்தான் வைப்பன், ஆனா முழுக்க எடுக்கமாட்டன். மிச்சம் வாசிக்கிற ஆளின்ட கையில: தங்கச்சி மேல வாசிக்கிற மெட்டை நீங்க அதே ஒக்டேவில திருப்பி வாசிக்காதீங்க, நடுவிலயும் கீழயும் பிடிங்க. நீண்டு நிக்கிற ஓர்கன் சத்தத்தில அலை அப்பிடியே கேக்கும், ஸ்ட்ரிங்ஸ் சத்தம் தானே கொஞ்சம் அசைஞ்சு கொண்டு இருக்கிறதால மூடி விடும்.

அமைதி_ஒலி:

டியூனர் அண்ணா 432 எண்டு சொன்னது மிகச் சரி, அதுதான் இயற்கையின்ட சுருதி, உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, 440 பிறகு ஆரோ திணிச்சது எண்டு ஒரு வீடியோவில பாத்தன். பியானோ தானாவே அந்த இடத்துக்கு வந்திருக்கு எண்டு யோசிக்கக்க மெய்சிலிர்க்குது.

கல்லடி_டியூனர்:

தங்கச்சியோ தம்பியோ தெரியல்ல, குறை நினைக்காதீங்க, அந்தக் கதைக்கு ஆதாரம் இல்ல. பியானோ அங்க வந்தது ஒருத்தரும் டியூன் பண்ணாததால. நான் 432 எண்டு சொன்னதும் அது நிக்கிற இடத்துக்குக் கிட்ட வசதியா ஒரு எண் எண்டதால மட்டும்தான், 425ல நிண்டிருந்தா வேற கதை சொல்லியிருப்பன், ஏனெண்டா கீபோட் அவ்வளவுக்கு இறங்காது. சுருதி எப்பவும் மனிசர் கூடி முடிவெடுத்ததுதான். 1859ல பிரான்சில சட்டம் போட்டு 435 வைச்சாங்கள், அதே காலத்தில இங்கிலாந்துக் கச்சேரிகளில 452 வரைக்கும் போச்சு, அந்தக் காலத்து இங்கிலாந்து ஓர்கன்கள் சிலது இண்டைக்கும் அப்பிடி உயரத்தான் நிக்கும். 1939ல லண்டனில கூடி 440 எண்டாங்கள், 1955ல அது உலகத் தரமா வந்தது. எல்லாரும் ஒரே இடத்தில நிண்டா ஒரு ஊர் பியானோவோட இன்னொரு ஊர் புல்லாங்குழல் சேரும், அதுக்காகத்தான்.

புளியந்தீவு_கொயர்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு எழுதுவீங்க எண்டு நினைக்கல்ல. மாமாட்ட சொல்லிட்டன், அவர் கோவிக்கல்ல, பலகைக்குள்ள பின் எப்பிடி நிக்குது எண்டு தானே வந்து டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு இது எங்கட வேலையில்ல எண்டு சொல்லிட்டார். முன்பலகையைக் கழட்டிப் பாத்தம், நடுக்கம்பியள் மங்கலா இருக்கு, மேல்பக்கம் துரு தெரியுது, பாஸில செம்பு சுத்தின கம்பியள் கறுத்துப் போச்சு, கம்பியைத் தட்டுற ஹேமரில ரெண்டின்ட ஃபெல்ட், அந்தக் கம்பளி, பூச்சி தின்டிருக்கு.

சேர் கேட்ட ஆர்மோனியத்தையும் அளந்தன். 441. அதை என்ன செய்ற? கரோல்ல மூண்டு கீர்த்தனை இருக்கு, அதுக்கு ஆர்மோனியம் இல்லாமப் பாட பெரியாக்கள் விடமாட்டினம். அதோட வயலின் வாசிக்க ஆள் இல்ல, சேர், ஏலுமெண்டா நீங்க வருவீங்களா? கல்முனை ரோட்டால ஒரு பஸ்தானே.

காரைதீவு_வயலின்:

வாறன் மகன், கேக்கோணுமா. கம்பியைச் சொட்டு இறக்கினா வயலின் 432க்கு வந்திரும். டியூனர் தம்பி எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன், நாற்பது வருசம் ச-ப சேத்த எனக்கு அந்த 23 சென்ட் எங்க போகுது எண்டு இப்பத்தான் விளங்கினது. நேத்து வயலினில நாலு கம்பியையும் சுத்தமா சேத்துட்டு பேரப்பிள்ளையின்ட கீபோட்டோட ஒவ்வொண்டா வைச்சுப் பாத்தன், ஏ கம்பி சேந்தது, ஜி கம்பி சேரல்ல, சொட்டுக் கீழ நிக்குது. காதுக்குக் கேக்குது.

கல்லடி_டியூனர்:

கேக்கும் சேர், ஏ ல இருந்து ஜி ரெண்டு ப தூரம், ரெண்டு ரெண்டா 4 சென்ட் குறைய நிக்கும். அதைக் கேக்கிற காது இருந்தா நீங்க இந்தத் தொழிலுக்கே வந்திருக்கலாம்.

ஆர்மோனியத்தைத் தொடாதீங்க. அதில சத்தம் தாறது பித்தளை நாக்கு, நுனியில சுரண்டினா சுருதி ஏறும், அடியில சுரண்டினா இறங்கும், சுரண்டின பித்தளை திரும்ப வராது, அத்தனை நாக்கையும் 36 சென்ட் இறக்கிறது அதைக் கெடுக்கிற வேலை. இதில மூண்டு வாத்தியம் இருக்கு, அசையவே ஏலாதது ஆர்மோனியம், கஷ்டப்பட்டு அசையிறது பியானோ, பத்து செக்கனில அசையிறது உங்கட கீபோட். அப்ப அசையிறது அசையட்டும். கீர்த்தனை மூண்டையும் முதல்ல ஒண்டாப் போடுங்க, அதுக்கு ஆர்மோனியமும் கீபோட்டும், கீபோட் 441ல, பியானோ மூடிக்கிடக்கட்டும். அது முடிய வேத வாசிப்போ பிரசங்கமோ வைங்க, அந்த நேரம் கீபோட்டை 432க்கு மாத்துங்க, அதுக்குப் பொறகு கடைசி வரைக்கும் பியானோ, ஆர்மோனியத்துக்கு ஓய்வு. ஒரே ஒரு தரம்தான் மாத்தவேண்டி வரும்.

நான் கார்த்திகைக் கடைசியில அம்மாவைப் பாக்க வாறன், உதயதேவி ரயிலிலதான் வருவன், ரெண்டு நாள் உங்களுக்குத் தாறன். டியூனிங் காசு வேணாம், கம்பி தேவைப்பட்டா அதின்ட காசு மட்டும் தாங்க. வர முதல் ரெண்டு வேலை செய்து வைங்க. பியானோவை வாவிப் பக்க யன்னலில இருந்து எடுத்து உள்சுவரோட வைங்க, சுவருக்கும் அதுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்க, ஃபேன் நேரா அதில அடிக்கவேணாம். வைச்ச இடத்தில கரோல் முடியும் வரைக்கும் அசைக்காதீங்க. ஈரத்துக்கு உள்ள பல்ப் எரிய விடுற பழக்கம் முந்தி இருந்தது, உங்களுக்கு அது வேணாம், பலகைக்குக் கிட்ட சூடு பட்டா வெடிக்கும்.

மழைக்கு ஒண்டு சொல்லோணும். சவுண்ட்போட் மெல்லிய பலகை, ஈரம் குடிச்சா ஊதும், ஊதினா கம்பியைத் தள்ளும், நடுப்பகுதியின்ட சுருதி ஏறும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில அதே பலகை காஞ்சு சுருங்க, திரும்ப இறங்கும். ஒரு வருசத்துக்குள்ள 10 சென்ட்டுக்கு மேலயும் ஆடும். அதால நான் 432ல விட்டுட்டுப் போனாலும் கரோல் அண்டைக்கு 432ல நிக்கும் எண்டு நம்பாதீங்க. அண்டைக்குப் பின்னேரம் சனம் வர முதல் போனை வைச்சு ஏ4, அதுக்கு மேல கீழ ரெண்டு மூண்டு நோட், எல்லாத்தையும் அளந்து நடுவா ஒரு நம்பர் எடுத்து கீபோட்டை அதுக்கு வைங்க.

கல்முனை_கீஸ்:

கரண்ட் விசயத்தை மறந்திராதீங்க. ஏலுமெண்டா கீபோட்டுக்கு ஒரு யுபிஎஸ் போடுங்க, கம்பியூட்டருக்கு வைக்கிற சின்னது போதும்.

புளியந்தீவு_கொயர்:

கரோல் நேத்து முடிஞ்சது, வந்து எழுதாட்டி சரியில்ல எண்டு எழுதிறன்.

டியூனர் அண்ணன் சொன்ன மாதிரியே வந்தார். முதல் நாள் காலமை எட்டு மணிக்குத் தொடங்கி பின்னேரம் வரைக்கும் நான் பக்கத்திலயே இருந்து பாத்தன். முதல்ல நடுப்பகுதி முழுக்க நீளமா ஒரு ஃபெல்ட் துணியை கம்பிகளுக்கு இடையில இடையில செருகி மூண்டு கம்பியில நடுக்கம்பியை மட்டும் ஒலிக்க விட்டார், ஏ4 வைச்சார், அதில இருந்து ஒரு ஒக்டேவைக் காதால சேத்தார், போனையும் வைச்சிருந்தார் ஆனா கடைசியில சரிபாக்கத்தான். மறுகா துணியைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கொண்டு பக்கத்துக் கம்பியளை நடுக்கம்பியோட சேத்தார். ஒரு கம்பி அலைஞ்சு அலைஞ்சு வந்து சேருற அந்த இடம், அலை மெதுவாகி மெதுவாகி நிக்கிறது, நான் இதுவரைக்கும் கவனிச்சே இல்ல. லீவரைச் சொட்டுக் கூட இழுத்து, கட்டையை ஓங்கி ரெண்டு தரம் அடிச்சு, திரும்ப ஒரு மயிரிழை விடுறார், அப்பிடி விட்டாத்தான் பின் அந்த இடத்தில இருக்குமாம், இல்லாட்டி முதல் பாட்டிலயே வழுக்குமாம். எனக்கும் லீவரைத் தந்தார், நான் நினைச்சது முறுக்கிற வேலை எண்டு, கையில பிடிச்சாப் பொறகுதான் தெரிஞ்சது, கண்ணுக்கே தெரியாத அசைவு.

மேல்பக்கம் ஒரு கம்பி அறுந்தது. அவ்வளவு கவனமா இறக்கிட்டு ஏத்தியும் அறுந்தது, அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அந்த நோட்டில மிச்ச ரெண்டு கம்பியையும் சேத்துட்டு புதுக்கம்பி போட்டார், அது கரோல் வரைக்கும் நிலைக்காது எண்டு அதுக்கு மட்டும் ஃபெல்ட் துண்டு ஒண்டு செருகி ஊமையாக்கி விட்டார். பாஸில ஒரு பின் தளர்ந்து கிடந்தது, அதை அடுத்த முறை பாப்பம் எண்டு எழுதி வைச்சிருக்கார். ரெண்டாம் நாள் திரும்ப எல்லாத்தையும் ஒரு தரம் பாத்தார், நடு நோட்டுகள் ஒண்டு ரெண்டு சென்ட்தான் அசைஞ்சிருந்தது, மேல்பக்கம் நாலு அஞ்சு.

பொறகு கரோல். மூண்டு நாள் விடாத மழை. பின்னேரம் நாலு மணிக்கு அளந்தன், ஏ4 433.1. நடுப்பகுதி எல்லாம் ஒரு நாலு சென்ட் ஏறி நிண்டது, பாஸ் அசையல்ல. கீபோட்டை 433.0 வைச்சு, அந்த நம்பரையும் 441ஐயும் எழுதி ஒட்டினன். கீர்த்தனை மூண்டும் ஆர்மோனியத்தோட முதல்ல போச்சு, பிரசங்கம் நடக்கக்க மாத்தினன், அதுக்குப் பொறகு தங்கச்சி பியானோவில முதல் கோட் பிடிக்க நான் ஸ்ட்ரிங்ஸால கீழ பிடிச்சன், நடுக்கம் இல்ல. ஒண்டும் இல்ல. அல்டோ அக்கா திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சா. சேர் வயலினோட ரெண்டாவது பாட்டில சேந்தார், ஒருத்தரும் ஒருத்தரையும் தேடவேண்டி வரல்ல.

நாலாவது பாட்டுக்கு முதல் கரண்ட் போச்சு. யுபிஎஸ் கிடைக்கல்ல எங்களுக்கு. ஜெனரேட்டர் போடும் வரைக்கும் தங்கச்சி நிப்பாட்டாம தனிய வாசிச்சா, சனம் இருட்டுக்குள்ள பாடினது, கீபோட் திரும்ப எழும்பக்க 440 காட்டினது, பேப்பரைப் பாத்து 433.0 வைச்சிட்டுத்தான் கை வைச்சன். கல்முனை அண்ணே, அந்தப் பேப்பர் உங்கட பேப்பர்.

இப்ப கொயரில எல்லாரும் கேக்கிறது அடுத்த வருசம் 440க்குப் போகேலுமா எண்டு, ஆர்மோனியமும் பியானோவும் ஒண்டா வாசிக்கோணும் எண்டு பெரியாக்களுக்கே இப்ப ஆசை வந்திட்டு.

கல்லடி_டியூனர்:

வாசிச்சு சந்தோசம் தம்பி. அறுந்த கம்பி எனக்கு மனசில கிடக்கு, அந்த இடத்தை இன்னும் ஒருக்காப் பாக்கோணும்.

440க்குப் போகலாம், ஆனா ஒரே பாய்ச்சலா இல்ல. மாசியில மழை விட்டு மண்டபம் காஞ்சாப் பொறகு வாறன், அப்ப தளர்ந்த பின்னுக்குத் தடிச்ச பின் ஒண்டு போட்டு, மேல்பக்கத் துருக்கம்பியள் ஒரு செட் புதுசாப் போட்டு 436 வரைக்கும் ஏத்திப் பாப்பம். கச்சான் முடிய அது எங்க நிக்குது எண்டு அளந்துதான் மிச்சத்தை முடிவெடுக்கோணும். அதுவரைக்கும் கிழமைக்கு ஒருக்கா ஏ4 எத்தினை எண்டு அளந்து திகதியோட ஒரு கொப்பியில எழுதுங்க, மழையெண்டா மழை, வெயிலெண்டா வெயில் எண்டும் எழுதுங்க. வரக்க எனக்கு அந்தக் கொப்பி வேணும்.

புளியந்தீவு_கொயர்:

தொடங்கிட்டன் அண்ணே. இண்டைக்குக் காலமை 433.3, மழை.